தடைக்காலத்தில் ஒரு கோடை முகாம்

12 ஜனவரி 2025
சேசு மரி சூசை துணை

அன்புத் தம்பி ஜெனிஸ்,

நீயும் ரினாவும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். எனக்கு முட்டிவலியைத் தவிர வேறு குறையில்லை. மலையில் குளிர் கூடுதல். மடத்தில் மதர் எல்லோருக்கும் கம்பளிச் சால்வை கொடுத்திருக்கிறார். என்னுடையதில் மட்டும் இத்தாலியில் யாரோ இறந்துபோனவரின் பெயர் பின்னியிருக்கிறது.

சுஜிதா இறந்து இரண்டு மாதம் ஆகிறது. முப்பதாம் நாள் பூசை முடிந்து நீ எழுதிய கடிதம் நான்கு வரி. அதில் இரண்டு வரி பந்தல்காரனைப் பற்றி. பாக்கியை நானாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டாய் போல.

ஷெர்லி எழுதியிருந்தாள். அவள் புருஷன் பவுலுக்குச் சென்னையில் வேலையாம், ஜூனில் குடிபோகிறார்களாம். ரினாவையும் கூட்டிப்போய் அங்கே பள்ளியில் சேர்க்க ஆசைப்படுகிறாள். "அத்தானிடம் கேட்டால் பார்ப்போம் என்கிறார், எதைப் பார்க்கிறார் என்று தெரியவில்லை" என்கிறாள். அக்காள் மகளைத் தங்கை வளர்ப்பது நம் கரையில் புதிதல்ல. அவளுக்குப் பிள்ளையும் இல்லை. ஆனால் ரினாவுக்குத் தகப்பன் இருக்கிறான் என்று நினைக்கிறேன். மே மாதம் முடிவதற்குள் நீ ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

விடியுமுன் படகேறி இரவு ஒன்பதுக்கு மேல் திரும்புகிறவனால் பிள்ளையை என்ன பார்க்க முடியும் என்று நீ கேட்கலாம். மீன்கள் குடும்பம் நடத்துவதற்காக அரசாங்கம் உங்களைக் கரையில் உட்கார வைக்கும் தடைக்காலம் ஏப்ரல் பாதியில் வருகிறது. பள்ளி விடுமுறையும் அப்போதுதான். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்து பாருங்கள். பிறகு முடிவெடு.

இங்கே போன் பெருநாளுக்கு மட்டும் என்பது உனக்குத் தெரியும். கடிதத்தை மதர் வாசித்த பிறகுதான் எனக்குத் தருவார். கெட்ட வார்த்தை வேண்டாம். தவக்காலத்தில் நாங்கள் எழுதவும் மாட்டோம், வந்த கடிதத்தைப் பிரிக்கவும் மாட்டோம். அதற்குமுன் எழுது. ரினா அழுதாளா? அதை முதலில் எழுது.

உனக்காகச் செபிக்கும்
அக்கா பிளாரன்ஸ்


2 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு ஜெனிஸ் எழுதுவது. நாங்கள் நலம். உன் முட்டி நலமடைய வேண்டும்.

ரினா நலம். சாப்பிடுகிறாள். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் நல்ல மதிப்பெண்.

விடுமுறையைப் பற்றி எழுதியிருந்தாய். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவளை ஏதாவது நல்ல கோடை முகாமில் சேர்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். நீ கன்னியாஸ்திரி ஆகுமுன் ஆசிரியையாக இருந்தவள், ஆகவே உன் ஆலோசனை தேவை.

டவுனில் ஒரு முகாமின் பெயர் 'லிட்டில் பேர்ல்ஸ்'. முத்து என்று பெயர் வைக்காத கடை இந்த ஊரில் இல்லை, முத்துதான் இல்லை. நேரில் போய் விசாரித்தேன். தலைமைப் பண்பு, ரோபோ செய்வது, நெருப்பில்லாச் சமையல் ஆகிய மூன்றும் பத்து நாளில் கற்றுத்தருகிறார்கள். நெருப்பில்லாச் சமையல் என்றால் என்ன என்று கேட்டேன். ரொட்டியில் ஜாம் தடவுவது என்றார் அந்த அம்மாள். தலைமைப் பண்பு என்றால் என்ன என்று கேட்டேன். அடுத்தவரை ரொட்டியில் ஜாம் தடவ வைப்பதாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவர் ஆங்கிலத்தில் விளக்கினார், நன்றாகத்தான் இருந்தது.

முத்தையாபுரத்தில் ஒரு கராத்தே முகாம் உண்டு. மாஸ்டர் முத்துக்குமரன் பகலில் உரக்கம்பெனி லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். "பொம்பளப் பிள்ளைக்குத் தற்காப்பு முக்கியம் சார்" என்றார். யாரிடமிருந்து என்று கேட்டேன். யோசித்துச் சொல்லுதேன் என்றார்.

எது நல்லது என்று எழுது.

உன் தம்பி
ஜெனிஸ்


18 பிப்ரவரி 2025
சேசு மரி சூசை துணை

அன்புத் தம்பி,

சுகம்தானே? எனக்கு முட்டி அப்படியே. உன் கடிதத்தை வாசித்து மதர் சிரித்தார். மடத்தில் ஒரு வாரமாக ஜாம் தடவும்போதெல்லாம் யாராவது சிரிக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை.

நான் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நீ கணக்கு மதிப்பெண் சொல்கிறாய். உன்னைப் போலக் கல்லூரியில் வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. மன்னன் ஏன் போருக்குப் போனான் என்று கேட்டால் யானைப்படையின் எண்ணிக்கையைச் சொல்வார்கள்.

இரண்டாவது முறை கேட்கிறேன். ரினா அழுதாளா? எந்த வீட்டில் தூங்குகிறாள்? அன்று ஆஸ்பத்திரியில் சுஜிதாவின் பக்கத்தில் இருந்தவள் அவள் ஒருத்திதான். அதைப்பற்றி நீ அவளிடம் பேசினாயா?

முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் வேண்டும். பங்குக்கோவிலில் பத்து நாள் மறைக்கல்வி முகாம் நடத்துவார்களே, அது போதும். காலையில் போய் மதியம் வீட்டுக்கு வந்துவிடலாம். மதியம் வீட்டில் நீ இருப்பாய்.

மார்ச் 5 சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். அதற்குமுன் பதில் போடு.

செபத்துடன்
பிளாரன்ஸ்


1 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மதரும் மற்ற சிஸ்டர்மாரும் நலமாக இருக்க வேண்டும்.

நீ சொன்னபடி பங்குக்கோவிலில் விசாரித்தேன். பழைய ஏற்பாட்டை ஆக்‌ஷன் பாட்டாக நடத்துகிறார்கள். போன வருடம் நோவாவின் பேழைக்கு முப்பது ஜோடி மிருகம் தேவைப்பட்டிருக்கிறது. நம் பிள்ளைகள் எல்லாரும் மீனாகத்தான் வருவேன் என்று அடம்பிடித்திருக்கிறார்கள். வெள்ளத்தில் மீனுக்குப் பேழை எதற்கு என்று சாமியார் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இந்த வருடம் செங்கடலைப் பிளக்கிறார்கள். ஆனால் மதியத்தோடு முடிந்துவிடுகிறது, அது ஒரு குறை.

நீச்சல் முகாம் ஒன்றும் பார்த்தேன். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டிக் குளோரின் தண்ணீர் நிரப்பியிருக்கிறார்கள். பயிற்சியாளர் திருப்பூர்க்காரர். நீங்கள் கடலில் நீந்தியதுண்டா என்று கேட்டேன். "சீ வாட்டர் ஸ்கின்னுக்கு ஆகாது சார்" என்றார். பதினெட்டு வருடமாக எனக்கு ஆகாமல்தான் இருக்கிறது போலும்.

ரினா ஷெர்லி வீட்டில் தூங்குகிறாள். நான் மூன்றரைக்குக் கிளம்புவதால் அதுதான் வசதி. இரவு வந்து பார்த்தால் தூங்கிவிட்டாள் என்று ஷெர்லி சொல்வாள். அங்கேயே குழம்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

இன்னும் சில முகாம்கள் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜெனிஸ்


9 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இதை நீ உயிர்ப்பு ஞாயிறு முடிந்துதான் படிப்பாய் என்று தெரியும். இருந்தாலும் உடனுக்குடன் சொல்லிவிடுவது முறை அல்லவா.

முகாம் முடிவாகிவிட்டது. கொடைக்கானல் போகிற வழியில் ஒரு பாதர் நடத்தும் 'மலைத்தென்றல்' முகாம். தங்கிப் படிப்பது. ஏப்ரல் 26 முதல் மே 31 வரை. நான் பார்த்தவற்றில் இதுதான் நீளமானது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நற்பண்பு வைத்திருக்கிறார்கள். போன் கிடையாது, வாரம் ஒரு கடிதம். உனக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ரினாவிடம் கேட்டேன். "போறியாம்மா?" என்றேன். "சரி" என்றாள்.

ஷெர்லிக்கும் சம்மதம். "நல்லதுதான் அத்தான், அங்க இருந்து பழகிட்டா எங்ககூட மெட்ராசுக்கு வர லேசா இருக்கும்" என்றாள். பார்ப்போம் என்றேன். இன்னும் நேரம் இருக்கிறது.

பெருநாள் வாழ்த்துகள்.

ஜெனிஸ்


21 ஏப்ரல் 2025
சேசு மரி சூசை துணை

ஜெனிஸ்,

உயிர்ப்பு விழா வாழ்த்து. சுகமா?

உன் இரண்டு கடிதங்களையும் இன்று சேர்த்துக் கொடுத்தார்கள். நான் வாயைத் திறக்க முடியாத நாட்களாகப் பார்த்து முடிவெடுத்திருக்கிறாய். கெட்டிக்காரன்.

நீ கரையில் இருக்கும் நாளெல்லாம் பிள்ளை மலையில். பிள்ளை கரைக்கு வந்ததும் உனக்குக் கடல். இதை யார் யோசித்தது? வருடத்தில் இரண்டு மாதம்தான் உன் வீட்டில் பகலில் தகப்பன் உண்டு. அந்த இரண்டு மாதத்துக்கு ஒரு முகாம் பிடித்திருக்கிறாய். பத்து மாதத்துக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. பதினெட்டு வருடம் படகு ஓட்டுகிறவனுக்குத் தடைக்காலம் எப்போது வரும் என்று தெரியாதா?

இந்தக் கடிதம் அவள் கிளம்புமுன் வந்து சேர்ந்தால் அவளை அனுப்பாதே.

பிளாரன்ஸ்


5 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் 28ஆம் தேதி வந்தது. ரினா 26 காலையிலேயே போய்விட்டாள்.

நீ எழுதியது சரி. எனக்குத் தோன்றவில்லை. உண்மையாகவே தோன்றவில்லை. கோடை என்றால் முகாம் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நல்லதாகப் பார்த்துத் தேடினேன். எதற்காகத் தேடுகிறோம் என்று நடுவில் யாரும் கேட்கவில்லை. நீ கேட்டாய். உனக்குத் தவக்காலம் வந்துவிட்டது.

ஊரில் புதிதாக ஒன்றுமில்லை. படகுகளைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிக்கிறார்கள். மற்ற நேரம் சீட்டு. நேற்று ஆன்டனி கேட்டான்: "என்னலே, ஒன் வீட்லதான் ஆளே இல்லையே, அங்கன வச்சு ஆடுவமா?" சரி என்றேன். ஆறு பேர் வந்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். ஏன் என்று தெரியவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

முகாம்காரர்கள் பெற்றோருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். மாலையில் போட்டோ வரும். ரினா எப்போதும் மூன்றாவது வரிசை. எல்லாப் பெற்றோரும் சிவப்பு இதயம் போடுகிறார்கள். சிலர் அழுகிற முகம் போடுகிறார்கள். எனக்கு எதைப் போடுவதென்று தெரியாமல் கட்டைவிரல் போட்டேன். பாதரும் பதிலுக்குக் கட்டைவிரல் போட்டார். தினமும் இப்படிப் பேசிக்கொள்கிறோம்.

சென்னையில் பள்ளிக்கூடம் பார்த்தாகிவிட்டது என்று ஷெர்லி சொன்னாள். ரினாவுக்கு ஷூ கூட வாங்கிவிட்டாள். "நீங்க வாய் தொறந்து ஒரு சரி சொன்னாப் போதும்" என்கிறாள். பகலில் வீட்டில் இருக்கிறேன். சுவர்க்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றினேன்.

உன் முட்டி எப்படி இருக்கிறது?

ஜெனிஸ்


10 மே 2025

அன்புள்ள அத்தைக்கு ரினா எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமா? அங்கே இருக்கும் மற்ற சிஸ்டர்கள் நலமா?

வாரம் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்கு எழுது என்றார்கள். அப்பாவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களை நான் ஒரே ஒரு தடவை மடத்துக் கம்பிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். எனக்கு முறுக்கு கொடுத்தீர்கள்.

இங்கே ஒவ்வொரு நாளும் ஒரு பண்பு. திங்கள் மகிழ்ச்சி. செவ்வாய் நன்றி. புதன் சோகத்தைப் பகிர்தல். வியாழன் தைரியம். புதன்கிழமை நாலு மணிக்கு எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, யாருக்கு என்ன சோகமோ சொல்லுங்கள் என்றார்கள். ஒரு பையன் அவன் நாய்க்குட்டியைப் பற்றிச் சொன்னான். எனக்கு ஒன்றும் வரவில்லை. வியாழக்கிழமை கயிறு ஏறும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. மிஸ் வந்து, "அது நேத்தைக்குடா, இன்னைக்குத் தைரியம்" என்றார்கள். அதனால் நிறுத்திவிட்டேன்.

சாப்பாடு பரவாயில்லை. மீன் கிடையாது.

போன வருடம் தடைக்காலத்தில் அப்பா வீட்டில் இருந்தார்கள். அம்மா தினமும் "இந்த மனுசன் எப்பதான் கடலுக்குப் போவாரோ, சட்டியில சோறு தங்கமாட்டேங்கு" என்று திட்டுவார்கள். ஆனால் சிரிப்பார்கள். அப்பா என்னை சைக்கிளில் பழைய துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். இந்த வருடமும் தடைக்காலம் எப்போது வரும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்தது. நான் இங்கே இருக்கிறேன்.

சித்தி மெட்ராசுக்கு வருகிறாயா என்று கேட்டார்கள். சரி என்றேன். அப்பா முகாமுக்குப் போகிறாயா என்று கேட்டார்கள். சரி என்றேன். எல்லாரும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்கிறார்கள்.

அத்தை, அப்பா மாதிரிப் பெரியவர்களுக்கு முகாம் உண்டா? அவர்களும் யாரிடமும் பேசுவதில்லை.

இப்படிக்கு
ஜெஃப்ரினா, ஐந்தாம் வகுப்பு


17 மே 2025
சேசு மரி சூசை துணை

ஜெனிஸ்,

ரினா எனக்கு எழுதியிருந்தாள். என்ன எழுதினாள் என்று உனக்குச் சொல்லமாட்டேன். அந்தக் கடிதம் எனக்கு வந்தது. உனக்கும் ஒன்று வேண்டுமானால் போய்க் கேட்டு வாங்கிக்கொள்.

மதர் வழக்கமாக வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொடுப்பார். இந்த முறை கொடுத்துவிட்டு என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். இங்கே அது பெரிய பேச்சு.

அடைத்த மடத்துக்காரி நான், இந்தக் கம்பியைத் தாண்ட முடியாது. சுஜிதாவின் அடக்கத்துக்கே வரவில்லை. உன் வீட்டு வாசலில் அப்படி எந்தக் கம்பியும் இல்லை.

முட்டிவலி பற்றி இனிமேல் விசாரிக்காதே. அது அப்படியேதான் இருக்கும்.

பிளாரன்ஸ்


30 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் பஸ் ஏறி முகாமுக்குப் போனேன். பாதர் நல்ல மனிதர். கட்டைவிரல் போடுகிறவர் நீங்கள்தானே என்று உடனே கண்டுபிடித்துவிட்டார். பிள்ளையைக் கூட்டிப்போக வந்தேன் என்றேன்.

"முடிய ஒரு வாரம்தானே சார் இருக்கு. நடுவுல அனுப்புற வழக்கம் இல்ல. வீட்டுல யாருக்கும் உடம்பு சரியில்லையா?"

"இல்ல பாதர்."

"ஏதும் இறப்பா?"

"ஆமா பாதர். எம் பொண்டாட்டி."

பாதர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஐயோ, எப்போ?"

"நவம்பர்ல."

பாதர் கையை விட்டுவிட்டார். "நவம்பர்ல நடந்ததுக்கு இப்ப எதுக்கு சார்?"

"இப்பதான் நான் கரையில இருக்கேன்" என்றேன்.

அவருக்கு அது விளங்கியதா என்று தெரியவில்லை. ஆனால் ரினாவைக் கூப்பிட ஆள் அனுப்பினார். ரினா வந்து என்னைப் பார்த்து, "முகாம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். முடிஞ்சிருச்சு என்றேன். போய்ப் பெட்டியை எடுத்துவந்தாள்.

மதுரையில் இறங்கினோம். பஸ் ஸ்டாண்டில் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கு ஆஸ்பத்திரியில அம்மா உங்கள கேட்டாங்கப்பா. ராத்திரி ஒம்பது மணிக்கு வருவாங்கன்னு சொன்னேன். சரி, அதுவரைக்கும் கொஞ்சம் கண்ண மூடிக்கிடுதேன்னு சொன்னாங்க." பிறகு சால்னா கேட்டாள். நான் போய் வாங்கிவந்தேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் அன்று ஒன்பது மணிக்குத்தான் வந்தேன் என்று சொன்னேன். "தெரியும்" என்றாள்.

ரினா மெட்ராசுக்கு வரவில்லை என்று ஷெர்லியிடம் சொன்னேன். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம போய்க் கூட்டிட்டு வந்துட்டீய. நீங்க கடலுக்குப் போய்ட்டா பிள்ள யார்கிட்ட இருக்கும் அத்தான்? பூனைகிட்டயா?" என்றாள். இனிக் கடலுக்குப் போகவில்லை என்றேன். இரண்டு நாள் அவள் இந்தப் பக்கம் வரவில்லை. நேற்று ரினாவுக்குத் தலை பின்ன வந்தாள். எனக்குப் பின்ன வராது. போகிறதுக்குள் கற்றுத்தருகிறேன் என்கிறாள், என் முகத்தைப் பார்க்காமலே. ஷூவைக் கடையில் திருப்பிக் கொடுக்கவில்லை. ரினாவுக்கே கொடுத்துவிட்டாள்.

படகு முதலாளி சிவபாலன் அண்ணாச்சியைப் பார்த்து, படகு பழுதுபார்க்கும் யார்டில் எஞ்சின் வேலை கேட்டேன். காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம். "ஏலே, இத்தன வருசம் வீல் புடிச்ச கையி ஸ்பேனர் புடிக்கப் போவுதோ? சம்பளம் பாதிதான் தருவேன் பாத்துக்க" என்றார். தாருங்க அண்ணாச்சி என்றேன். "பாதிங்கேன், சண்ட போடமாட்டேங்கியே! ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?" என்று பயந்துபோனார்.

ராத்திரி ரினா நம் வீட்டில்தான் படுக்கிறாள். இரண்டு பேரும் அதிகமாகப் பேசுவதில்லை. அவள் ஒருநாள் அழுதாள், எந்தக் கிழமை என்று நினைவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். நீ ஜனவரியில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

சுகமா என்று கேட்பாய். இல்லை அக்கா, இரண்டு பேருமே இல்லை. ரினா எழுந்துவிட்டாள். பால் வாங்கப் போகிறோம்.

ஜெனிஸ்